தையல் வகுப்புக்கு வராத பெண்ணும் நம் உதவித்தொகை விதியும்



ஷஅபான் மாதக் கமிட்டிக் கூட்டத்தில் நம் மாதாந்திர உதவித்தொகை விதிகளில் ஒரு திருத்தம் செய்தோம். அறிவிப்புப் பலகையில் அதைப் படித்த சிலர் ஜும்ஆ முடிந்ததும் என்னை நிறுத்திக் கேட்டார்கள்: “வேலைக்கும் போக வேண்டாம், வகுப்புக்கும் வர வேண்டாம், காசு மட்டும் கொடுப்பீர்களா? இது என்ன புது வழக்கம்?” பணம் கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். வாசலில் நின்று பதில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பழைய விதி உங்களுக்குத் தெரியும். 18 முதல் 45 வயது வரையுள்ள பெண்கள் உதவித்தொகை பெற வேண்டுமானால் தையல் வகுப்புக்கு வர வேண்டும், அல்லது வேலைக்குப் போவதற்கு ஒரு சீட்டு காட்ட வேண்டும். தொடர்ந்து வராவிட்டால் தொகை நிற்கும். கையேந்தும் பழக்கம் வந்துவிடக் கூடாது, ஒரு தொழில் கையில் இருக்கட்டும் என்ற நல்ல நோக்கத்தில் போட்ட விதி. போட்டவர்களில் நானும் ஒருவன்.

நம் மஹல்லாவில் பிறந்து வேறு பகுதிக்கு நிக்காஹ் செய்து கொடுக்கப்பட்ட ஒரு சகோதரி, இரண்டு பிள்ளைகளோடு உம்மா வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். ஒரு மாதம் வகுப்புக்கு ஒழுங்காக வந்தார். அடுத்த மாதம் வரவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே கோடு இழுத்தது என் கைதான். பத்து நாள் கழித்து அஸருக்குப் பிறகு அவருடைய உம்மா அலுவலக வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“அவ எப்படி பாய் வருவா? கிளாஸ் விடுற நேரத்துக்கு அவன் மேம்பாலத்துக்குக் கீழ வண்டியை நிறுத்திட்டு நிக்கிறான். போன வாரம் பையைப் பிடுங்கி ரோட்டுல வீசிட்டான். நீங்க பேரை அடிச்சிட்டீங்க.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் உழைக்கக் கூடாது, கையில் காசு இருக்கக் கூடாது, வேறு வழியில்லாமல் திரும்பி வர வேண்டும் என்பதுதான் அந்த மனிதனின் எண்ணம். அவன் பாலத்தடியில் நின்று ஆரம்பித்ததை நான் பேனாவால் முடித்துக் கொடுத்திருக்கிறேன். நிபந்தனையை மீறியது அவள் இல்லை. மீற வைத்தவன் வெளியே சுதந்திரமாக நிற்கிறான், தண்டனை மட்டும் அவளுக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1996இல் நலஉதவிச் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். உதவி பெறும் தாய்மார்கள் வேலைக்குப் போயாக வேண்டும், வாழ்நாளில் மொத்தம் 60 மாதங்களுக்கு மேல் மத்திய நிதியில் உதவி கிடையாது என்று கடுமையாக்கினார்கள். அதே சட்டத்தில் பால் வெல்ஸ்டோன், பேட்டி முர்ரே என்ற இரு செனட்டர்களின் முயற்சியால் ஒரு விலக்கும் சேர்ந்தது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு வேலை நிபந்தனையையும் கால வரம்பையும் மாநில அரசு தளர்த்தலாம். பிள்ளைகளின் செலவுக்காகக் கணவனைத் தேடிப் பிடிப்பதற்கு அவள் அதிகாரிகளுக்கு ஒத்துழைக்க வேண்டும் என்ற விதியையும் தளர்த்தலாம். இந்தக் கடைசி விலக்கு ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அரசாங்கம் அவனிடம் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அதனால்தான்.

இங்கிலாந்தில் வேலை தேடுவோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள் வாராவாரம் வேலை தேடியதைக் காட்ட வேண்டும். 2012 ஏப்ரலிலிருந்து, வன்முறையிலிருந்து வெளியேறி வந்தவர்களுக்கு அதிலிருந்து 13 வாரம் வரை விலக்கு உண்டு. முதல் 4 வாரம் அவர்கள் சொல்லே போதும். அதற்கு மேல் நீட்டிக்க மருத்துவர், காவல்துறை, சமூகப் பணியாளர் போன்ற ஒருவரின் எழுத்து வேண்டும். இந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. ஓடி வந்த அன்றே காகிதம் கேட்பதில்லை, அதற்காகக் காகிதமே வேண்டாம் என்றும் விடுவதில்லை. குறை என்னவென்றால், அவனோடு ஒரே வீட்டில் இருப்பவளுக்கு இந்த விலக்கு இல்லை. நம் பெண்களில் பலர் அடி வாங்கிக்கொண்டே அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டு அரசின் உதவிகளில் “வேலைக்குப் போ” என்ற நிபந்தனை பெரும்பாலும் இல்லை. அதற்குப் பதிலாகக் காலமும் காகிதமும் நிபந்தனைகளாக இருக்கின்றன. நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

ஆதரவற்ற, கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். இதற்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். கைவிடப்பட்டு 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகியிருக்க வேண்டும், அல்லது தகுதியுள்ள நீதிமன்றத்திலிருந்து பிரிவுக்கான சான்று இருக்க வேண்டும். மனு இ-சேவை மையம் வழியாகப் போய், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரிடம் சேரும்.

22 வயதில் அடி தாங்காமல் வெளியேறியவள் 30 வரை என்ன செய்வாள்? “கைவிடப்பட்டவர்” என்ற சொல்லையும் கவனியுங்கள். அவன் விட்டுவிட்டுப் போனால் அவள் கைவிடப்பட்டவள். அவன் கொடுமை பொறுக்காமல் அவள் வந்துவிட்டால்? விசாரணைக்கு வருகிறவர் அக்கம்பக்கத்தில் கேட்கும்போது, “இவள்தான் கோவித்துக்கொண்டு வந்துவிட்டாள், அவர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்” என்று நம் ஆட்களே சொல்லிவிடுகிறார்கள். சமாதானம் ஆகட்டுமே என்ற நல்லெண்ணத்தில் சொல்வது, மனு தள்ளுபடியாகக் காரணமாகிவிடுகிறது. யாராவது விசாரித்து வந்தால் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், தெரியாததை அனுமானித்துச் சொல்ல வேண்டாம்.

வயது வரம்புக்கு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. 5 ஆண்டுக் காத்திருப்புக்கு மாற்று அந்த விதியிலேயே இருக்கிறது: நீதிமன்றச் சான்று. இங்கே நாம் ஒரு தவறை வருடக்கணக்கில் செய்து வந்திருக்கிறோம். பெண் வீட்டார் ஜமாஅத்துக்கு வருகிறார்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது, குலாவோ தலாக்கோ எழுதி முத்திரை போட்டுக் கொடுக்கிறோம். அந்தத் தாளை அவள் தாசில்தார் அலுவலகத்தில் நீட்டினால், செல்லாது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நானும் ஒரு காலத்தில் கோபப்பட்டிருக்கிறேன். சட்டத்தைப் படித்த பிறகு அந்தக் கோபம் குறைந்தது.

முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத் தொடர்ந்த வழக்கில், காஜிகள் கொடுக்கும் தலாக் சான்று அவர்களுடைய கருத்து மட்டுமே, நீதிமன்றத்திலும் சட்ட நடவடிக்கைகளிலும் அது சான்றாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில் இடைக்கால உத்தரவு போட்டது. 2023இல் அதே நீதிமன்றம் குலா விஷயத்திலும் தெளிவாகச் சொன்னது. குலா கேட்பது முஸ்லிம் பெண்ணின் உரிமை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தனியார் அமைப்புகள் கொடுக்கும் குலா சான்று செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்தை நாட வேண்டும். 2024 அக்டோபரில் மதுரைக் கிளையும் ஷரீஅத் கவுன்சில்கள் நீதிமன்றங்கள் அல்ல என்றது. அந்த வழக்கில் இரண்டாம் திருமணம் முதல் மனைவிக்கு இழைத்த கொடுமையாகக் கருதப்பட்டு, கீழ் நீதிமன்றம் கொடுத்த 5 லட்சம் ரூபாய் இழப்பீடு உறுதியானது.

இதை ஜமாஅத்துக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சமரசம் பேசுவது நம் கடமை, தொடர்ந்து பேசுவோம். ஆனால் பேச்சு முடிந்ததும், “அம்மா, இந்தத் தாள் மார்க்க விஷயத்துக்கு. அரசு அலுவலகத்தில் செல்லாது. நீதிமன்றத்திலும் ஒரு மனு போட்டுவிடு” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் அனுப்புவது அமானிதத்தில் குறை வைப்பதாகும் என்றே எனக்குப் படுகிறது.

நீதிமன்றம் என்றாலே ஷரீஅத்துக்கு வெளியே போவது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முஸ்லிம் பெண்கள் விவாகரத்துக் கோருவதற்காகவே 1939இல் முஸ்லிம் திருமணங்களை ரத்து செய்யும் சட்டம் வந்தது. கணவன் 2 ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காமல் இருந்தாலே அதன்படி விவாகரத்துக் கேட்கலாம். 4 ஆண்டுகள் ஆள் எங்கே என்று தெரியாவிட்டாலும் கேட்கலாம். வழக்கமாக அடிப்பதும், உடலில் கை வைக்காவிட்டாலும் நடத்தையால் வாழ்க்கையை நரகமாக்குவதும் அதில் காரணங்களாக இருக்கின்றன. அடிப்பது மட்டும் கொடுமையில்லை என்பதை 1939லேயே நம் பெண்களுக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவசரத்துக்கு உதவும் சட்டம் வேறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லா மதத்தாருக்கும் பொது. விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை, பிரிந்து வந்திருக்கவும் வேண்டியதில்லை. காசு கொடுக்காமல் வைத்திருப்பது, சம்பாதிக்க விடாமல் தடுப்பது, நகையைப் பறிப்பது ஆகியவற்றையும் இந்தச் சட்டம் வன்முறை என்கிறது. வகுப்பு வாசலில் நின்று மிரட்டுவதும் இதில் அடங்கும். அவள் வேலை செய்யும் இடத்துக்கு அவன் வரக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட முடியும். அதே மனுவில் செலவுக்குப் பணம், அந்த வீட்டில் வசிக்கும் உரிமை, பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, இழப்பீடு ஆகியவற்றைக் கேட்கலாம். அங்கே விட்டு வந்த நகை, பொருட்கள், பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியும் கேட்கலாம். ஓடி வருகிறவள் ஆதாரையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றையும் எடுத்து வருவதில்லை. பிறகு அவை இல்லாமல் எந்த மனுவும் நகராது.

கல்யாணம் செய்து கொடுத்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். வேண்டியதில்லை. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. எர்ணாவூரில் உம்மா வீட்டில் இருந்தால் நம் பகுதி நீதிமன்றமே போதும்.

இன்னொரு பயம்: “கேஸ் போட்டால் மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போய்விடுவான், பிறகு ஒட்டவே ஒட்டாது.” இந்தச் சட்டத்தில் மனுப் போட்டதும் யாரையும் பிடித்துக்கொண்டு போவதில்லை. நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போட்ட பிறகு அவன் அதை மீறினால்தான் குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று எழுதியிருக்கிறது. நடப்பில் இழுக்கும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இடைக்கால உத்தரவு சீக்கிரம் கேட்கலாம், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது? 181 என்ற மகளிர் உதவி எண்ணில் ஆரம்பிக்கலாம். இரவானாலும் எடுப்பார்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நடந்ததைக் கேட்டு, குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை என்ற படிவத்தை அவர் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். பிற்காலத்தில் ஓய்வூதியம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளி மாற்றம் என்று எங்கே போனாலும் “என்ன ஆதாரம்?” என்பார்கள். அந்த அறிக்கையின் நகல் ஒன்று கையில் இருந்தால் பேச்சே மாறும். வக்கீலுக்குக் காசில்லை என்பவர்களுக்கு: பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு, எண் 15100. ஒரே இரவில் வெளியேற வேண்டிய நிலை என்றால், ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்க இடமும் மருத்துவ உதவியும் சட்ட உதவியும் சேர்ந்தே கிடைக்கும்.

ஆஸ்பத்திரி விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்டான்லிக்கோ வேறு அரசு ஆஸ்பத்திரிக்கோ காயத்தோடு போகிற நம் பெண்கள், “பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கத்தில் மாமியாரோ கணவனோ நிற்கும்போது வேறென்ன சொல்வார்கள்? விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதுவார்கள். ஆறு மாதம் கழித்து வழக்கு வந்தால், “அன்று விழுந்தேன் என்றுதானே சொன்னாய்?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதையே எடுத்துக் காட்டுவார். கூடப் போகிற உம்மாவோ லாத்தாவோ டாக்டரிடம், “கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்” என்று கேளுங்கள். உண்மையைப் பதிய வையுங்கள். வரும்போது ஏ.ஆர். நகலுக்கும் எழுதிக் கொடுங்கள்.

செலவுக்கான ஜீவனாம்சம் தனி வழி. பழைய 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதில் கேட்கலாமா என்ற நீண்ட சர்ச்சைக்கு, தெலங்கானாவிலிருந்து வந்த வழக்கில் 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் ‘கேட்கலாம்’ என்று பதில் சொன்னது. இந்தப் பிரிவிலும் ஒரு நிபந்தனையும் அதற்கு விலக்கும் உண்டு. தகுந்த காரணமில்லாமல் கணவனோடு வாழ மறுத்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது. ஆனால் கொடுமை தகுந்த காரணம். அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டாலும் அது நியாயமான காரணம் என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது. “நான் கூப்பிட்டேன், அவள் வரவில்லை” என்று அவன் சொல்வதோடு கதை முடிந்துவிடாது.

ரேஷன் கார்டைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், சுருக்கிச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். பெயர் கணவன் வீட்டுக் கார்டில் கிடந்தால் அரிசியும் அங்கே, தொகையும் அங்கே. உம்மாவின் கார்டில் சேர்த்து உம்மா ஏற்கெனவே தொகை வாங்கினால், மகளுக்குக் கிடையாது. தனிக் கார்டுதான் வழி. கணவன் பெயர் நீக்கச் சம்மதிக்கவில்லை என்றால் வாயால் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். நேரில் விசாரித்து முடிவெடுக்கும்படி வழங்கல் அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். சம்பவ அறிக்கையின் நகலையும் இணையுங்கள். வங்கிக் கணக்கில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்றும் பாருங்கள். பணம் ஏறியதும் குறுஞ்செய்தி அவன் கைக்குப் போகும் கணக்குகள் நிறைய.

2022இல் கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிருக்கென்று அரசு ஒரு நல வாரியம் அமைத்தது, கைவிடப்பட்ட பெண்களும் அதில் வருவார்கள். மாவட்டம்தோறும் உள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தையும் மறக்க வேண்டாம். நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இனி நம் விதி. கமிட்டியில் மூத்தவர் ஒருவர், உடல் வலுவுள்ள, உழைக்க முடிந்தவருக்கு ஜகாத்தில் பங்கில்லை என்ற கருத்துள்ள ஹதீஸை நினைவூட்டினார். சரியான வாதம்தான். ஆனால் உடம்பில் வலு இருந்தும் சம்பாதிக்க வழி கிடைக்காதவர் ஏழையின் கணக்கில்தான் வருவார் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். வழி கிடைக்காதவர் என்றால், வழியை ஒருவன் மறித்து நிற்கும்போது அவளும் அதில் வருவாள் அல்லவா? மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை என்பதால், நம் இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டு அவர் சம்மதித்த பிறகே திருத்தத்தை வாக்குக்கு விட்டோம்.

இன்னொருவர், “எல்லோரும் அடி வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு வந்துவிடுவார்கள்” என்றார். அடி வாங்காத பெண் அப்படிச் சொல்லிக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வருவாளா என்று அவரையே யோசிக்கச் சொன்னேன். அடி வாங்கியவளே வாய் திறப்பதில்லை.

முடிவு இது. வன்முறை காரணமாக வகுப்புக்கோ வேலைக்கோ வர முடியாத சகோதரிக்கு முதல் 3 மாதம் வேலை நிபந்தனை இல்லை, காகிதமும் கேட்கமாட்டோம். அதற்கு மேல் வேண்டுமானால் பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை, ஆஸ்பத்திரிப் பதிவு, காவல் நிலைய ரசீது, வக்கீலின் கடிதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. அதை வாங்குவதற்குக் கூட ஆள் அனுப்புவோம், ஆட்டோ செலவும் டிரஸ்டுடையது. கணவன் வீட்டிலேயே இருப்பவருக்கும் இது பொருந்தும். விலக்குப் பெறுபவரின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறாது. என்னிடமும் மகளிர் பொறுப்பாளரிடமும் மட்டும் இருக்கும், கமிட்டிக்கு எண்ணிக்கை மட்டும் தெரியும். பணம் அவருடைய சொந்தக் கணக்குக்கு, அது இல்லாவிட்டால் அவர் கைக்கே. இதுவரை வகுப்புக்கு வராததால் நிறுத்தப்பட்ட பெயர்கள் எல்லாவற்றையும் மகளிர் பொறுப்பாளர் ஒருமுறை வீட்டுக்குப் போய்க் கேட்டுச் சரிபார்க்கிறார். வீட்டில் யாராவது ஆண் இருந்தால் ரமலான் கிட் கணக்கெடுப்பு என்று சொல்லும்படி சொல்லியிருக்கிறோம்.

தையல் வகுப்பு விடும் நேரத்தையும் மாற்றியிருக்கிறோம். பெண்கள் ஒரே நேரத்தில் சாலைக்கு வராதபடி இரண்டு பிரிவு, பின்வாசலும் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் லுஹருக்குப் பிறகு அஸர் வரை அலுவலகத்தில் மகளிர் பொறுப்பாளர் மட்டும் இருப்பார், ஆண்கள் யாரும் இருக்கமாட்டோம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே எழுதிக் கொடுப்பார்.

நான் கோடு இழுத்த அந்தச் சகோதரிக்கு, நிறுத்திய மாதங்களின் தொகையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். அவருடைய மனு இப்போது பாதுகாப்பு அலுவலரிடம் இருக்கிறது. வகுப்புக்கு இன்னும் வரவில்லை. அவருக்கான மிஷினை வேறு யாருக்கும் ஒதுக்கவில்லை.